பழைய ஜீப்பின் ஸ்டீயரிங்கோடு ஐந்து ஞாயிறுகள்

ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் அசைவதற்குள் கை நான்கு விரற்கடை தூரம் சும்மா போய்விடும். என் ஜீப்பின் நிலை அதுதான். நேரான சாலையில்கூட மாவு சலிப்பதுபோல் இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டே ஓட்டவேண்டும். பழகிவிட்டது என்று விட்டிருந்தேன். மழைக்காலம் முடிந்த சமயம், கடலூர் கெடிலம் பாலத்தில் தளத்தின் இணைப்பு இடைவெளியில் ஏறி இறங்கியதும் முன்சக்கரங்கள் இரண்டும் படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கின. வேகம் நாற்பதுகூட இல்லை. வண்டி நிற்கும் அளவுக்கு வந்த பிறகே நடுக்கம் அடங்கியது. பின்னால் வந்த பஸ் ஓட்டுநர் என்னைக் கடக்கும்போது பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

வண்டி மகிந்திரா சி.ஜே. 3பி. கேப்பர் மலைப் பக்கத்து முந்திரித் தோப்புக்குப் போய்வர மாமா வைத்திருந்தது. கண்புரை வந்த பிறகு சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். மகிந்திரா இந்தியாவில் ஜீப் பூட்டத் தொடங்கியது 1940களின் பிற்பகுதியில். ஆனால் இந்த ஸ்டீயரிங் அமைப்பு அதற்கும் முந்தியது. 1941இல் அமெரிக்க ராணுவத்துக்குப் போன வில்லிஸ் எம்.பி. ஜீப்பின் வழியில் வந்தது. ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து டிராப் ஆர்ம் என்ற கை, அதிலிருந்து டிராக் லிங்க் என்ற தண்டு. அது முன் குறுக்குச் சட்டத்தில் ஒரு பின்னில் (அச்சாணியில்) சுழலும் பெல் கிராங்க் என்ற நெம்புகோலைத் திருப்பும். பெல் கிராங்கிலிருந்து இரண்டு டை ராடுகள், சக்கரத்துக்கு ஒன்றாக. பந்து மூட்டுகள் மட்டும் ஆறு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்தால்கூட எல்லாம் கூடி ஓட்டுபவர் கைக்குத்தான் வந்து சேரும்.

முதல் ஞாயிற்றைக் குற்ற ஒப்புதலில் தொடங்கவேண்டும். கடந்த ஒரு வருடத்தில் இரண்டு முறை, ஆட்டம் குறையட்டும் என்று பாக்ஸின் பக்கவாட்டுத் திருகை இறுக்கியிருக்கிறேன். இந்த பாக்ஸுக்குள் சுருள் பள்ளம் வெட்டிய ஓர் உருளை. அந்தப் பள்ளத்தில் இரண்டு முளைகள் ஓடும். நேராகப் போகும் நிலையில் பிடிப்பு இறுக்கமாக இருக்கவேண்டும் என்பதற்காக நடுவில் பள்ளத்தை வேண்டுமென்றே ஆழம் குறைத்து வெட்டியிருப்பார்கள். ஆகவே சக்கரத்தை நேராக வைத்துத்தான் திருகைத் தொடவேண்டும். நானோ வண்டி நிறுத்தியிருந்தபடியே, சக்கரம் ஒரு பக்கம் திரும்பி நிற்கும்போது இறுக்கினேன். பலன், நடுவில் வரும்போது பிடித்துக்கொண்டது. திருப்பத்தில் வளைத்த ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருவது நின்றுபோனது. ஆட்டமோ கொஞ்சமும் குறையவில்லை.

முதுநகரில் பட்டறை வைத்திருந்து ஓய்ந்துவிட்ட பாய் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். அவர் வந்து பானட்டைக்கூடத் திறக்கவில்லை. என்னை வண்டிக்கு அடியில் படுக்கச் சொல்லிவிட்டு, தான் இருக்கையில் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டினார்.

“தம்பி, கண்ணால் பார்க்காதீர்கள். ஒவ்வொரு மூட்டிலும் விரலை வையுங்கள். இரண்டு இரும்பும் சேர்ந்து போகிறதா, ஒன்று முந்துகிறதா என்று விரல் சொல்லும்.”

டிராக் லிங்க்கின் முனைகளில் லேசான தட்டல். டை ராட் எண்ட் எனும் முனை மூட்டுகள் நான்கில் இரண்டு சுத்தமாகப் போய்விட்டிருந்தன. பெல் கிராங்கில் விரல் வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. அது திரும்புவதற்கு முன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தலையாட்டிப் பொம்மை மாதிரி. நான் வருடம் முழுவதும் பாக்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருக்க, ஆட்டத்தில் பாதி இங்கே உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாம் ஞாயிறு கழற்றுவதிலேயே போய்விட்டது. கடற்காற்று அடிக்கும் ஊரில் எந்த நட்டும் முதல் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின்கள் துருவோடு துருவாகக் கரைந்திருந்தன. துண்டு துண்டாகக் குத்தி எடுத்தேன். டை ராட் எண்டின் கூம்புத் தண்டு ஆர்மின் கண் எனும் துளைக்குள் இறுகியிருக்கும். அதை மேலிருந்து அடித்தால் மரைதான் கெடும். இரண்டு சுத்தியல்களால் கண்ணின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் அடிக்கவேண்டும்: ஒன்று தாங்க, ஒன்று அடிக்க. ஆறேழு அடியில் ‘டக்’ என்று கீழே இறங்கியது. அந்த ஓசைக்காகவே இன்னொரு முறை கழற்றலாம் போலிருந்தது. டை ராடின் ஒரு முனையில் இடது மரை, மறுமுனையில் வலது மரை. கழற்றும் முன் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணிச் சுவரில் கரியால் எழுதிவைத்தேன். அந்தக் கணக்கு பிற்பாடு அரை நாளை மிச்சம் பிடித்தது.

பெல் கிராங்கைக் கழற்றிக் கவிழ்த்தேன். ஊசி பேரிங் இருக்கவேண்டிய இடத்திலிருந்து மூக்குப்பொடி நிறத்தில் துருத்தூள் உள்ளங்கையில் கொட்டியது. அதற்குள் கோணி ஊசியை நறுக்கினாற்போல் நான்கைந்து துண்டுகள். மற்ற ஊசிகள் எல்லாம் எப்போதோ மாவாகிவிட்டன. பின்னின் ஒரு பக்கம் நகத்தால் தடவினாலே பள்ளம் தெரிந்தது. காரணமும் கையிலேயே கிடைத்தது. கிரீஸ் ஏற்றும் வாயான நிப்பிளின் மேல் யாரோ ஒரு புண்ணியவான் கறுப்புப் பெயிண்டை இரண்டு பூச்சு பூசி அடைத்திருந்தார். எத்தனை வருடமாக அதில் கிரீஸ் இறங்கவில்லையோ.

புதிய ஊசி பேரிங் போடலாம். ஆனால் தண்ணீரிலும் மணலிலும் இறங்கும் வண்டிக்கு கன்மெட்டல் புஷ்தான் (வெண்கல வகை உலோக வளையம்) பொறுக்கும் என்பது பாயின் கட்சி. நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துகொண்டேன். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு லேத் பட்டறையில் புஷ்ஷும் புதிய பின்னும் கடைந்து வாங்கினேன். புஷ்ஷை அழுத்தி உட்கார வைத்ததும் உள்விட்டம் சற்றுச் சுருங்கும். அதனால் பிறகு துளையைச் சீராக்கும் ரீமர் ஓட்டித்தான் பின்னை இறக்கவேண்டும். லேத்காரர் அதை எடுத்துச் சொல்லி அங்கேயே ஓட்டிக்கொடுத்தார். எண்ணெய் தடவிய புதிய பின் இறங்கிய விதம் கண்ணுக்கு விருந்து.

மூன்றாம் ஞாயிறு மாட்டி முடித்து கிரீஸ் கன்னை வைத்து அடிக்கிறேன், கிரீஸ் நிப்பிளின் பக்கவாட்டில் பிதுங்குகிறது. மறுபடி அடித்தாலும் அதேதான். கால் மணி நேரம் நிப்பிளைச் சந்தேகித்தேன். பிறகுதான் உறைத்தது: புஷ்ஷில் கிரீஸ் துளை போடச் சொல்லவே இல்லை. நிப்பிளுக்கு நேராக முழு கன்மெட்டல் சுவர். பெயிண்ட் பூசிய புண்ணியவானுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? எல்லாவற்றையும் கழற்றித் துளை போட்டு, உள்ளே கிரீஸ் பரவ ஒரு வாய்க்காலும் வெட்டி மாட்டினேன். இரண்டு முனைகளிலும் கிரீஸ் எட்டிப்பார்த்தபோது இருட்டிவிட்டது.

நான்காம் ஞாயிறு கிங் பின், அதாவது முன்சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சு. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வலது பக்கம் ஆடியது. அதில் வீல் பேரிங்கும் ஆடலாம், கிங் பின்னும் ஆடலாம். பிரித்தறிய ஒரு வழி: ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்கவேண்டும். அப்போது ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின். என் மகள் பிரேக்கை மிதித்தாள், ஆட்டம் நிற்கவில்லை. மேல் மூடிக்கு அடியில் இருந்த ஷிம் தகடுகளில் மெல்லியதாக ஒன்றை எடுத்ததும் சரியாயிற்று. பாலத்தில் வந்த நடுக்கத்துக்கு இந்தத் தளர்ச்சியும் ஒரு பங்காளி.

கடைசி ஞாயிறு டோ-இன், அதாவது முன்சக்கரங்கள் முன்பக்கம் சற்று உள்நோக்கி நிற்கும் அளவு. டிராக் லிங்க்கைப் பிரித்துவிட்டு, பாக்ஸை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சுற்றி எண்ணிப் பாதியில் நிறுத்தினேன். பெல் கிராங்கையும் நேராக நிறுத்திய பிறகே டை ராடுகள். இரண்டு துண்டு டை ராட் என்பதால் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகச் சரிசெய்யவேண்டும். இல்லாவிட்டால் அளவு சரியாக வந்தாலும் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். டயரைச் சுழலவிட்டு நடுவில் ஆணியால் கோடு கிழித்து, அச்சு உயரத்தில் முன்னும் பின்னும் டேப் பிடித்தோம். முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஒன்று முதல் இரண்டரை மில்லிமீட்டர் குறைவாக இருக்கவேண்டும். எனக்கோ முன்பக்கம் ஏழு மில்லிமீட்டர் கூடுதல்! சுவரில் எழுதிய மரைக் கணக்கை வைத்துத் திருகி, நான்காவது அளவில் இரண்டு மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன்.

மறுநாள் காலை கெடிலம் பாலத்தில் அதே வேகத்தில் அதே இடைவெளியில் ஏற்றினேன். ஒரு குலுக்கல், அவ்வளவுதான். கேப்பர் மலைச் செம்மண் தடத்தில் மழை அரித்த ஓடைகளிலும் இறக்கி ஏற்றிப் பார்த்தாயிற்று. திருப்பத்தில் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறது; திருகை நேர்நிலையில் வைத்துச் சற்றுத் தளர்த்தியதன் பலன்.

நான்கு விரற்கடை இப்போது ஒன்றாகியிருக்கிறது. அந்த ஒன்று எங்கே என்று மறுபடி விரல் வைத்துத் தேடினேன். மூட்டுகள் எதிலும் இல்லை. பாக்ஸுக்குள் இருக்கிறது, சரியாக நடுவில். ஒரு வருடம் இறுக்கி ஓட்டி நானே தேய்த்தது. முளைகள் கிடைக்கின்றனவா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.