சுற்றும் கூண்டுக்குள் ஒரு சாவி

மூன்று மாதமாக என் மேசையில் ஒரு கூண்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு 600 சுற்று. அதன் நடுவே அசையாமல் ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் பலகை. அதன் நினைவகத்தில், நானும் ஒரு நண்பரும் செய்திகளை மறைத்து அனுப்பவும் படிக்கவும் பயன்படுத்தும் ரகசிய எண், அதாவது மறைச்சாவி. யாராவது கூண்டைப் பிடித்தால் சுழற்சி தடுமாறும். தடுமாறினால் சாவி அழிந்துவிடும். வீட்டில் இதற்கு வழங்கும் பெயர் 'அந்த ஃபேன்'.

யோசனை என்னுடையது அல்ல. ரகசியச் சாவிகளைக் காக்கும் பெட்டிகள் வழக்கமாக வேறு வழியில் செய்யப்படுகின்றன. எஃப்ஐபிஎஸ் 140-1 என்ற அமெரிக்க அரசின் பாதுகாப்புத் தரத்தின் உச்சமான நான்காம் நிலையை 1998இல் முதலில் எட்டிய ஐபிஎம் 4758 என்ற சாவிக் காப்புக் கருவி, மெல்லிய மின்தடங்கள் ஓடும் சவ்வால் போர்த்தப்பட்டு ரெசினில் புதைக்கப்பட்டது. துளையிட்டால் தடம் அறும், சாவி அழியும். அப்படி இடைவெளியே இல்லாத சவ்வை வீட்டில் செய்யக் கனவுகூடக் காண முடியாது. ரெசினுக்குள் சூடும் எளிதில் வெளியேறாது. 2021இல் ஜெர்மனிய ஆய்வாளர்கள் ஜான் செபாஸ்டியன் கோட்டே, பியோர்ன் ஷாய்ர்மான் இருவரும் ஒரு மாற்றுவழி சொன்னார்கள். இடைவெளி உள்ள சாதாரண மெஷ்ஷே (கம்பி வலையே) போதும், அதை வேகமாகச் சுழலவிட வேண்டும். சுழலும் பொருளில் கைவரிசை காட்ட நினைப்பவர் அதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் கூடவே சுற்ற வேண்டும். நிறுத்தினால், சுழற்சியின் முடுக்கத்தை அளக்கும் சென்சாரான முடுக்கமானி காட்டிக்கொடுக்கும். கூடச் சுற்ற நினைப்பவர் 1000 சுற்று வேகத்தில் அச்சிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், அவர் உடம்பின் மேல் புவியீர்ப்பைப் போல 1100 மடங்கு விசை. ராட்டினத்தில் ஏறினாலே தலைசுற்றும் எனக்கு இந்த வாதம் உடனே பிடித்துப்போனது.

அமைப்பு விளங்க கிரைண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றுவது பாத்திரம், கல் இருக்கும் இடத்தை விட்டு நகராது. அதேபோல, 8 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குழாய் ஒன்று அசையாமல் நிற்கிறது. கம்ப்யூட்டர் பலகை அதன் உச்சியில். குழாயின் துளை வழியாக மின்சார, நெட்வொர்க் கம்பிகள் உள்ளே போகின்றன. வெளியே இரண்டு 608 பேரிங்குகளில் 10 செ.மீ. விட்டக் கூண்டு, ஆறு தூண்கள், அவற்றில் வளைத்து வளைத்துச் சுற்றிய எனாமல் செம்புக் கம்பி. அதுதான் மெஷ்; அறுந்தால் அலாரம். மோட்டார் பக்கத்தில் இருக்கிறது, பெல்ட் வழியாக இழுக்கிறது. கூண்டின் விளிம்பில் முடுக்கமானிச் சென்சாரும் ஏடி டைனி என்ற சிறு கட்டுப்பாட்டுச் சில்லும் இருக்கின்றன. 'நான் நலம்' என்ற செய்தி, ஒவ்வொரு முறையும் மாறும் எண்ணோடும் கையொப்பத்தோடும், அகச்சிவப்பு ஒளியில் உள்ளே போகும். செய்தி வராவிட்டால் பை சாவியின் மேல் வேறு தரவை எழுதிவிடும். மின்சாரத்தை மட்டும் துண்டித்தால் போதாது. நினைவகச் சில்லில் தகவல் சில நொடிகள் தங்கும், குளிர்வித்தால் இன்னும் நீளும்.

முதல் அவமானம் சென்சாரால் வந்தது. கையில் கிடந்த ஏடிஎக்ஸ்எல்345 முடுக்கமானியை அச்சிலிருந்து 5 செ.மீ. தள்ளிப் பொருத்தி, 700 சுற்றில் ஓடவிட்டு, துணியால் கூண்டை அழுத்தினேன். வேகம் 560க்கு இறங்கியது. அலாரம் வாயே திறக்கவில்லை. ஒரு மாலை முழுவதும் நிரலில் பிழை தேடினேன். பிழை நிரலில் இல்லை. அந்தச் சென்சாரின் எல்லை 16 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 16 மடங்கு. அந்தத் தூரத்தில் 535 சுற்றுக்கு மேல் எந்த வேகமும் அதற்கு ஒன்றுதான். 700இல் உண்மையான முடுக்கம் 27 ஜி. கல்லூரியில் படித்த சூத்திரத்தைக் கடையில் சென்சார் வாங்கும்போது போட்டுப் பார்த்திருக்க வேண்டும். இப்போது 200 ஜி வரை அளக்கும் ஏடிஎக்ஸ்எல்375. 600 சுற்றில் 20 ஜி வருகிறது. முடுக்கம் வேகத்தின் வர்க்கத்தோடு போவதால், வேகம் 10 சதவீதம் குறைந்தால் வாசிப்பு 19 சதவீதம் விழும். இந்தக் கணக்கு நமக்குச் சாதகமானது.

அடுத்தது பொய் அலாரம். கூண்டு ஆடிய ஆட்டத்தில் வாசிப்பு 2 ஜி மேலும் கீழும் துள்ளியது; ஒரே இரவில் சாவி நான்கு முறை அழிந்தது. கடைசி 200 மில்லி விநாடிகளின் சராசரியை எடுத்து, வரம்பையும் தளர்த்தினேன். அழிவது நின்றது. பெருமையோடு துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக் கூண்டுக்குள் நீட்டினேன். தூண் பட்டுக் குச்சி ஒடிந்தது. செம்புக் கம்பி அறவில்லை, அலாரமும் வரவில்லை. சராசரி அந்த அடியை விழுங்கிவிட்டது.

மென்பொருளில் இதற்கு மருந்து இல்லை என்று புரிய ஒரு வாரம் ஆயிற்று. கூண்டைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்குப் போனேன்.

"தம்பி, இது ஃபேனா, கிரைண்டரா?" என்றார் பட்டறைக்காரர்.

"பெட்டி அண்ணே. உள்ளே ஒரு சாவி இருக்கிறது."

"சாவியை உள்ளே வைத்துவிட்டு எப்படித் திறப்பீர்கள்?"

திறக்கவே கூடாது என்பதுதான் நோக்கம் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கூண்டை அச்சோடு இரண்டு சமமான எஃகு விளிம்புகளின் மேல் வைத்தார். அது மெல்ல உருண்டு, பேட்டரி இருந்த பக்கம் கீழே வந்து நின்றது. "கனம் எங்கே என்று அதுவே சொல்கிறது பாருங்கள்" என்றார்.

சொன்னது சரிதான். பேட்டரி வெறும் 4 கிராம், ஆனால் அச்சிலிருந்து 40 மி.மீ. தள்ளி: 160 கிராம்-மில்லிமீட்டர். 400 கிராம் கூண்டு 600 சுற்றில் ஓடும்போது, பொது இயந்திரங்களின் சுழற்சிச் சமநிலைக்கான ஜி6.3 தரம் அனுமதிப்பது சுமார் 40 மட்டுமே. எதிர்ப்பக்கம் திருகுகளைச் சேர்த்துச் சேர்த்து, எந்த நிலையில் விட்டாலும் கூண்டு அங்கேயே நிற்கும்படி செய்தோம். வீட்டுக்கு வந்து ஓட்டினேன், துள்ளல் 0.3 ஜிக்குள் அடங்கியது. சராசரியை 10 மில்லி விநாடிக்குக் குறைத்தேன். ஈர்க்குச்சி மாட்டிக்கொண்டது. சாவியைக் காப்பது மறையாக்கம் என்று நினைத்து இதில் இறங்கியவன் நான். என் பெட்டியில் காவலின் கூர்மையைத் தீர்மானித்தவை மூன்று திருகுகள்.

இடையில் ஒரு சிறு லாபமும் கிடைத்தது. பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்தபோது வாசிப்பில் ஒவ்வொரு சுற்றுக்கும் 1 ஜி ஏறி இறங்கியது. மறுபடியும் ஆட்டமா என்று பதறினேன், அது புவியீர்ப்பு. அச்சு செங்குத்தாக நிற்கும்போது இது தெரியாது, சாய்த்தால் தெரியும். பெட்டியை யாராவது தூக்கிச் சாய்க்கிறார்களா என்பதை இன்னொரு சென்சார் இல்லாமலே அறிய முடிகிறது.

மின்வெட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் பொய்யாகும். மின்சாரம் போனால் மோட்டார் தளரும். பெட்டிக்கு அதுவும் தாக்குதல்தான். ஒரு செவ்வாய்க்கிழமை பராமரிப்புக்காகக் காலை ஒன்பதுக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். அடுத்த சில நொடிகளில் சாவி போய்ச் சேர்ந்தது. நண்பரிடம் நேரில் போய்ப் புதுச் சாவி பரிமாறிக்கொண்டு வந்தேன். இப்போது மோட்டாருக்கென்று தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி.

மிச்சம் இருப்பது அச்சு. விளிம்பில் வேகம் நொடிக்கு 3 மீட்டர். மையத்தை நெருங்க நெருங்க அது ஒன்றுமில்லாமல் போகிறது. நடுக்குழாயோ அசைவதே இல்லை. போன ஞாயிறு குழாயின் துளைக்குள் கம்பிகளின் ஓரமாக ஒரு மெல்லிய எஃகுக் கம்பியை நுழைத்தேன். தடையின்றிப் போய்ப் பலகையைத் தொட்டது. கூண்டு மேலே 20 ஜியில் கம்பீரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

குழாயின் உச்சியை அடைத்து, பக்கவாட்டில் துளையிட்டுத் தரும்படி லேத் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். கம்பிகள் அந்த வளைவில் திரும்பும். நேராக வரும் துரப்பணம் திரும்பாது. வளைந்து கொடுக்கும் கம்பிக்கு அது போதாது, மீதித் துளையை எதையாவது ஊற்றி அடைக்க வேண்டும். நேற்று அரை லிட்டர் ரெசின் வாங்கி வந்தேன்.