மாலேயும் டெல்லியும்: ஒரு தூத்துக்குடிக்காரனின் நாட்குறிப்பு

ஜனவரி 8, 2024

லட்சத்தீவுக் கடற்கரையில் பிரதமர் மோடி எடுத்துக்கொண்ட படங்களைப் பார்த்து மாலத்தீவுத் துணை அமைச்சர்கள் மூன்று பேர் சமூக ஊடகத்தில் கேவலமாக எழுதிவிட்டார்கள். அது அரசின் கருத்து அல்ல என்று சொல்லி, நேற்றே மூவரையும் இடைநீக்கம் செய்தது, தலைநகர் மாலேயில் இருக்கும் அந்நாட்டு அரசு. இன்று டெல்லியில் மாலத்தீவுத் தூதரை வெளியுறவுத் துறைக்கு வரவழைத்தார்கள். வருத்தத்தைச் சொல்ல அரசுகளுக்குள் இருக்கும் முறை அது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இங்கே மாலத்தீவையே புறக்கணிக்கச் சொல்லிப் பெரிய கூச்சல். மூன்று பேர் பேசியதற்கு ஒரு நாடே பொறுப்பா?

ஜனவரி 14

சீனாவிலிருந்து நேற்று திரும்பிய மாலத்தீவு அதிபர் முய்சு, "நாங்கள் சிறிய நாடாக இருக்கலாம், அதற்காக எங்களை மிரட்ட யாருக்கும் உரிமை கிடையாது" என்றார். எந்த நாட்டையும் பெயர் சொல்லவில்லை. இன்று, மார்ச் 15-க்குள் இந்திய வீரர்கள் வெளியேற வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

அங்கே இருப்பவர்கள் நூறு பேர்கூட இல்லை. இரண்டு ஹெலிகாப்டர், ஒரு டோர்னியர் விமானம். தொலைதூரத் தீவுகளிலிருந்து நோயாளிகளை மாலேக்குத் தூக்கி வருவதுதான் முக்கிய வேலை. 1988 நவம்பரில் ஆட்சியைக் கவிழ்க்க இலங்கையிலிருந்து ஆயுதக் குழு வந்திறங்கியபோது, அன்றைய அதிபர் கயூம் உதவி கேட்ட அன்றிரவே இந்திய வீரர்கள் மாலேக்குப் பக்கத்தில் உள்ள விமான நிலையத் தீவான ஹுல்ஹுலேயில் போய் இறங்கினார்கள். அதை நினைத்தால் மனசு கேட்கவில்லை. ஆனாலும், தன் மண்ணில் அந்நியச் சீருடை வேண்டாம் என்று சொல்ல ஒரு சின்ன நாட்டுக்கும் உரிமை உண்டு. அதை நன்றிகெட்டதனம் என்று என்னால் சொல்ல முடியாது.

ஏப்ரல் 6

இந்த ஆண்டிலேயே எனக்குப் பிடித்த செய்தி. உள்நாட்டில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை இருக்கும்போதே, மாலத்தீவுக்கு 35,749 டன் வெங்காயம், 1,24,218 டன் அரிசி, 42 கோடிக்கு மேல் முட்டை அனுப்ப இந்தியா அனுமதித்திருக்கிறது. 1981-இல் இந்த ஏற்பாடு தொடங்கியதிலிருந்து இதுதான் அதிக அளவாம். மாலத்தீவு வெளியுறவு அமைச்சர் மூசா ஜமீர் வெளிப்படையாக நன்றி சொன்னார். இங்கிருந்து தோணியில் காய்கறி போகிற ஊர் அது. அங்கே யார் ஆட்சியில் இருந்தாலும் சந்தைக்குப் போகிற பெண்ணுக்கு வெங்காயம் வேண்டும். கோபத்தை அடுப்படி வரை கொண்டுபோகாததுதான் நல்ல அரசு.

மே 10

மார்ச் 15 என்ற கெடு, பேச்சுவார்த்தையில் மே 10-க்குத் தள்ளிப்போயிருந்தது. கடைசி வீரர்களும் கிளம்பிவிட்டார்கள். ஹெலிகாப்டர்கள் அங்கேயே இருக்கின்றன, ராணுவத்துக்குப் பதிலாக இந்தியத் தொழில்நுட்பப் பணியாளர்கள் இயக்குகிறார்கள். வீரர்களை வெளியேற்றுவேன் என்று முய்சு சொன்ன வாக்கும் நிறைவேறியது, நோயாளிகளைத் தூக்கி வரும் வேலையும் நிற்கவில்லை. சத்தமில்லாமல் பேசி முடித்த அதிகாரிகளுக்கு ஒரு கும்பிடு.

ஜூன் 10

நேற்று மோடி பதவியேற்புக்கு முய்சு வந்திருந்தார். குடியரசுத் தலைவர் தந்த விருந்தில் மோடிக்குப் பக்கத்து நாற்காலி அவருக்கு. அரசு விருந்துகளில் யாருக்கு எந்த இடம் என்பது தற்செயலாக அமைவதில்லை.

அக்டோபர் 7

ஜனவரியில் கேவலமாக எழுதிய அந்தத் துணை அமைச்சர்கள் மூவரில் இரண்டு பேர் போன மாதம் ராஜினாமா செய்துவிட்டார்கள். முய்சு இப்போது டெல்லியில். 40 கோடி டாலர், கூடவே 3,000 கோடி ரூபாய் நாணயப் பரிமாற்ற ஒப்பந்தம் (தன் நாணயத்தைக் கொடுத்து இந்தியாவிடமிருந்து டாலரோ ரூபாயோ வாங்கி, பிறகு திருப்பித் தரும் ஏற்பாடு) இன்று கையெழுத்தாகியிருக்கிறது. டாலர் கையிருப்பு வற்றிப்போன நாட்டுக்கு இது பெரிய மூச்சு. ஜனவரியில் கூச்சல் போட்டவர்கள் இனியாவது மாலத்தீவுக்கு டிக்கெட் போடட்டும்.