மார்க் சேர்ந்தால் மட்டும் போதாது

இன்ஜினில் பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் இணைக்கும் பல் வைத்த ரப்பர் பெல்ட்தான் டைமிங் பெல்ட். அதை மாற்றும் வேலையில் பெரும்பகுதி பெல்ட்டை எட்டுவதற்கே போய்விடும். முன்சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பை இறக்கி, ஆயில் சம்ப்புக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் இன்ஜினைத் தாங்கி, மவுண்ட்டை எடுத்து, ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, அசைய மறுக்கும் கிராங்க் புல்லி போல்ட்டோடு மல்லுக்கட்டி, கடைசியில் கவரைத் திறந்தால்தான் பெல்ட்டே கண்ணுக்குத் தெரியும். அதன்பிறகு பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது கொஞ்ச நேர வேலைதான். ஆனால் இன்ஜின் பிழைப்பதும் கெடுவதும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். புதிதாக வேலைக்கு வரும் தம்பிகள் முதல் பாதியிலேயே களைத்துப்போய், மீதியை ஓட்டமாக முடிக்கப் பார்ப்பார்கள். கவர் திறந்ததும் நான் அவர்களை நிறுத்திவிடுவேன். கையைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வேன்.

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். அதற்காகத்தான் கேம் புல்லியில் இரு மடங்கு பற்கள். 3000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்றில், இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. பல இன்ஜின்களில் திறந்த வால்வு இறங்கி நிற்கும் அதே இடத்துக்குத்தான் பிஸ்டனும் ஏறி வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் அங்கே இருந்துவிடாதபடி பார்த்துக்கொள்வது இந்த ரப்பர் பெல்ட் ஒன்றுதான். அது அறுந்தால் கேம் நின்றுவிடும், கிராங்க் வந்த வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், வால்வுகள் வளையும். சில சமயம் பிஸ்டனும் போய்விடும். வால்வுகள் இருக்கும் மேல் பாகமான ஹெட்டைக் கழற்றாமல் மீள வழியில்லை. ரப்பர் பெல்ட் வருவதற்கு முன்பு சங்கிலியும் பல்சக்கரமும் செய்துவந்த வேலை இது. 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கிளாஸ் 1004 என்ற கார்தான் பல் வைத்த ரப்பர் பெல்ட்டை முதன்முதலில் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது. சத்தம் குறைவு, எடை குறைவு, எண்ணெய் தேவையில்லை. பதிலுக்கு, காலம் தவறாமல் மாற்றியாக வேண்டும்.

எல்லோரும் முதலில் கற்றுக்கொள்வது மார்க் வைப்பதைத்தான். கிராங்க்கில் ஒரு மார்க், கேமில் ஒரு மார்க், அவற்றுக்கு எதிரே இன்ஜினில் நிலையான குறிகள். முதல் சிலிண்டரின் பிஸ்டனை டாப்புக்கு, அதாவது அது ஏறி நிற்கும் உச்சிக்கு, கொண்டுவந்து இரண்டையும் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். எந்த மார்க்கை நம்புவது என்பதிலேயே முதல் சிக்கல் தொடங்கும். வெளியே தெரியும் கிராங்க் புல்லி பெரும்பாலும் ஒரே துண்டு கிடையாது. நடுவில் ரப்பர் வைத்து ஒட்டிய இரண்டு உலோக வளையங்கள். வயதாகி ரப்பர் நழுவினால் வெளி வளையத்தில் இருக்கும் மார்க் இடம் மாறிவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அதில் இக்னிஷனுக்கான டிகிரிக் கோடுகளும் இருக்கும். டாப்புக்கு முந்தைய கோட்டை டாப் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. புல்லியைக் கழற்றியபின் உள்ளே கிராங்க் பல்சக்கரத்தில் தெரியும் மார்க்தான் கணக்கு. கேம் பக்கமும் இதே கதைதான். ஒரே பல்சக்கரத்தை வேறு வேறு இன்ஜின்களுக்குப் பயன்படுத்துவதால் அதில் ஒன்றுக்கு மேற்பட்ட மார்க்குகள் இருக்கலாம். எது இந்த இன்ஜினுக்கு உரியது என்று மேனுவலைப் பார்த்துச் சொல்ல வேண்டும், ஞாபகத்திலிருந்து சொல்லக் கூடாது.

பழைய பெல்ட்டிலும் புல்லிகளிலும் பெயின்ட் தொட்டு வைத்து, பற்களை எண்ணி, அதே இடங்களைப் புதிய பெல்ட்டுக்கு மாற்றுவது ஒரு வழக்கம். நானும் பெயின்ட் தொடுவேன். ஆனால் அது இரண்டாவது சாட்சிதான். முன்பு மாட்டியவர் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் அந்தத் தவற்றை நாம் அச்சு மாறாமல் பிரதி எடுத்துவிடுவோம். அதனால் பழைய பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே, அது இருக்கும் நிலையில் எல்லா மார்க்கும் சேர்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். சேரவில்லை என்றால், வண்டிக்காரர் சொன்ன குறைக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது. பெல்ட் தளர்வாக இருக்கும் வரை மார்க் சொல்வதை முழுதாக நம்ப முடியாது. பெரும்பாலான இன்ஜின்கள் பெல்ட் பக்கம் எதிரே நின்று பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும். (பழைய ஹோண்டா இன்ஜின்களில் பல இதற்கு விதிவிலக்கு, அவை இடஞ்சுழி.) கிராங்க் கீழே, கேம் மேலே. வலஞ்சுழியாகச் சுற்றும் கிராங்க், தன் வலப்பக்க பெல்ட்டைக் கீழே இழுக்கிறது. கேமைச் சுற்றவைப்பது அந்தப் பக்கம்தான், அது எப்போதும் விறைப்பாகவே இருக்கும். இடப்பக்கம் தளர்வுப் பக்கம், பெல்ட்டை அழுத்தி விறைப்பாக வைக்கும் டென்ஷனர் இருப்பது அங்கே. இப்போது புதிய பெல்ட்டை மாட்டும்போது வலப்பக்கத்தில் அரைப் பல் அளவு தொய்வு விட்டுவிட்டோம் என்று வையுங்கள். கிராங்க் மார்க் சேர்ந்திருக்கும். கேம் மார்க்கும் சேர்ந்திருக்கும். போட்டோ எடுத்துக்கூட வைத்துக்கொள்ளலாம். ஆனால் கிராங்க்கைத் திருப்பியதும் அது முதலில் அந்தத் தொய்வைத்தான் இழுக்கும். அதுவரை கேம் அசையாமல் நிற்கும். பிறகு சுற்று முழுவதும் கேம் பின்தங்கியே வரும்.

பின்தங்கினால் என்ன ஆகும்? கிராங்க் பல்சக்கரத்தில் 20 பல் இருந்தால் ஒரு பல் என்பது கிராங்க்கில் 18 டிகிரி. இக்னிஷன் டைமிங்கில் இரண்டு மூன்று டிகிரிக்கே கவலைப்படுகிற நாம், வால்வுகள் 18 டிகிரி தாமதமாகத் திறப்பதைச் சின்ன விஷயம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஐட்லிங் ஆடும், பிக்கப் குறையும், இன்ஜின் விளக்கு எரியும். இன்னும் இரண்டு பல் தள்ளினால் சில இன்ஜின்களில் வால்வு இடிக்கத் தொடங்கும்.

வேறொரு பணிமனையில் பெல்ட் மாற்றி, அன்றிலிருந்து இழுவையே இல்லை என்று ஒரு கார் எங்களிடம் வந்தது. ஸ்கேனரில் பி0016 என்ற கோட்: கிராங்க்கும் கேமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். அதைப் பார்த்து கேம் சென்சாரை அங்கேயே மாற்றியிருந்தார்கள். விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. நாங்கள் மேல் கவரை மட்டும் திறந்து, கிராங்க்கை டாப்புக்குக் கொண்டுவந்து பார்த்தோம். கேம் மார்க் வர வேண்டிய இடத்தை எட்டாமல் ஒரு பல் பின்தங்கி நின்றது. பெல்ட் புதிது, டென்ஷனர் புதிது, எல்லாம் நல்ல பொருள்கள். மாட்டிய கைகள் தொய்வை வலப்பக்கம் விட்டிருக்கின்றன, பிறகு திருப்பிப் பார்க்கவில்லை. சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அதனால் மாட்டும் வரிசையை நான் விடாப்பிடியாகச் சொல்லிக்கொடுக்கிறேன். கிராங்க்கில் தொடங்கு. இழுபடும் பக்கமாக மேலே போ, நடுவில் ஐட்லரோ (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளை) வாட்டர் பம்ப்போ இருந்தால் அதன்மேல் விறைப்பாக வை, கேமில் பல் சேர், கடைசியில் டென்ஷனருக்கு வா. மிச்சமிருக்கும் தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் வந்து சேர வேண்டும். மேலே கேமில் பல் அமரும்போது இடது கைக் கட்டைவிரலால் அந்தப் பல்லை அழுத்திக்கொண்டு, வலது கையின் இரண்டு விரலால் இழுபடும் பக்கத்தை உள்ளே தள்ளிப் பார்க்க வேண்டும். விரல் உள்ளே போனால் தொய்வு இருக்கிறது. பல்லை எடு, கேமை ஸ்பேனரால் ஒரு நூல் அளவு திருப்பு, மறுபடி உட்கார வை. பெல்ட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றுவதை நான் அனுமதிப்பதில்லை. பெல்ட்டின் உள்ளே ஓடுவது கண்ணாடி இழை. மடக்கினாலோ நெம்பினாலோ அந்த இழை ஒடிந்துவிடும், மேலே இருக்கும் ரப்பர் அதைக் காட்டிக்கொடுக்காது.

கேமை நினைத்த இடத்தில் நிற்கவைப்பதும் எல்லா இன்ஜினிலும் எளிது இல்லை. டாப் நிலையில் சில கேம்கள் வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் நிற்கும்; பெல்ட்டை எடுத்த நொடியே சட்டென்று திரும்பிவிடும். வி6 இன்ஜின்களில் இதை அதிகம் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் கேம் லாக் மாட்டாமல் பெல்ட்டில் கை வைக்கக் கூடாது, விரலுக்கும் ஆபத்து. அந்த லாக்கை நம்பி கேம் போல்ட்டை முறுக்குவதும் தவறு. அதற்குத் தனியாகப் புல்லியைப் பிடிக்கும் கருவி உண்டு.

பார்க்கும் கோணமும் ஏமாற்றும். கேம் புல்லிக்கும் பின்னால் இருக்கும் குறிக்கும் நடுவில் இடைவெளி உண்டு. மேலிருந்து குனிந்து பார்த்தால் சேர்ந்தது போலத் தெரியும் மார்க், நேராகப் பார்த்தால் அரைப் பல் விலகியிருக்கும். இடம் குறுகலாக இருந்தால் சின்னக் கண்ணாடியை உள்ளே நீட்டி, லைட் அடித்து, புல்லியின் நடு மட்டத்திலிருந்து பார்க்க வேண்டும்.

டென்ஷனர் வகைக்கு வகை மாறும். ஸ்பிரிங் வகை தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். முள் வைத்த வகையில் முள் உரிய பள்ளத்துக்கு நேராக வரும்வரை திருப்ப வேண்டும். ஹைட்ராலிக் வகையை வைஸில் நிமிர்த்தி வைத்து மெதுவாக அழுத்தி, அதைப் பிடித்து நிறுத்தும் கம்பியைச் செருகி, மாட்டியபின் கம்பியை உருவ வேண்டும். பெல்ட்டை இரண்டு விரலால் கால் சுற்று முறுக்கிப் பார்க்கும் பழைய வழியை அந்த இன்ஜினின் மேனுவல் சொன்னால் மட்டும் செய்யுங்கள். எதுவானாலும் இன்ஜின் ஆறியிருக்க வேண்டும்.

டென்ஷன் கொடுத்தபிறகுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி வரும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் நீளமான ராட்செட் மாட்டி, இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று. கேம் போல்ட்டைப் பிடித்துச் சுற்றக் கூடாது. செல்ஃப் அடித்துப் பார்ப்பதும் கூடாது. கைக்குத் தெரிகிறது மோட்டாருக்குத் தெரியாது. பிளக் இருந்தால் கம்ப்ரஷன் எதிர்ப்பு வரும். அது மெத்தென்று இருக்கும், பிடித்துக்கொண்டு நின்றால் புஸ்ஸென்று இளகும். வால்வு ஸ்பிரிங்கின் எதிர்ப்பு ஏறி இறங்கும். இரும்பில் இரும்பு தட்டும் நிறுத்தம் வேறு மாதிரி, அங்கே கை டக்கென்று நிற்கும். அந்த இடத்தில் பலம் போடவே கூடாது. திருப்பியதை அப்படியே பின்னால் கொண்டுவந்து, டென்ஷனரைத் தளர்த்தி, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு சுற்று முடிந்து கிராங்க் மார்க் வரும்போது கேம் மார்க்கும் வந்தால், அந்தச் சேர்க்கையைத்தான் நான் நம்புவேன். தொய்வு முழுவதும் உரிய இடத்துக்குப் போய், டென்ஷனர் தன் நிலையில் நின்றபிறகு கிடைத்த சேர்க்கை அது. தம்பிகள் இங்கே ஒருமுறை பயந்துபோவார்கள். “அண்ணே, பெல்ட்டில் இருக்கிற வெள்ளைக் கோடு எங்கேயோ போயிடுச்சு!” என்பார்கள். போகத்தான் செய்யும். பெல்ட்டின் பல் எண்ணிக்கையும் புல்லிகளின் பல் எண்ணிக்கையும் ஒன்றுக்கொன்று முழுதாக வகுபடாததால், அந்தக் கோடு திரும்ப அதே இடத்துக்கு வரப் பல சுற்று ஆகும். மாட்டும் நேரத்துக்கு உதவியதோடு அதன் வேலை முடிந்தது. புல்லி மார்க்கைத்தான் பார்க்க வேண்டும்.

வாட்டர் பம்ப்பும் இதே பெல்ட்டில் ஓடினால் அதையும் சேர்த்து மாற்றச் சொல்கிறேன். டென்ஷனர், ஐட்லர் பேரிங், கசியும் ஆயில் சீல் எல்லாவற்றுக்கும் அதே பேச்சுதான். எண்ணெயோ கூலன்ட்டோ பட்ட பெல்ட் சீக்கிரம் போய்விடும். “பழைய பெல்ட் பார்க்க நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்பவர்களுக்குக் கழற்றியதைக் கையில் கொடுத்துவிடுவேன். இப்போதைய ரப்பர் விரிசல் காட்டாமலேயே தேய்கிறது, அதனால்தான் நிறுவனங்கள் கிலோமீட்டர் கணக்கும் ஆண்டுக் கணக்கும் சொல்கின்றன, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவே கெடு.

முதல் ஸ்டார்ட்டில் ஊளையிடும் சத்தம் வந்தால் டென்ஷன் அதிகம், கவரில் உரசினால் குறைவு. இரண்டும் இல்லை என்றால் சக்கரத்தை மாட்டலாம். கடைசியாக மேல் கவரில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, தேதியும் கிலோமீட்டரும் எழுதுகிறேன். கேம் புல்லியில் ஒன்றுக்கு மேற்பட்ட மார்க் இருந்தால் இந்த இன்ஜினுக்கு எது என்பதையும் ஒரு சின்னப் படமாகப் போட்டுவிடுகிறேன். அடுத்த முறை அந்தக் கவரைத் திறப்பது வேறு யாராகவோ இருக்கலாம்.