துடுப்புப் படகில் இருவர்

இன்று விடிகாலை, பனாமா கால்வாயில் கப்பல்களைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் கட்டூன் மதகுக்கு முன்னால், எங்கள் பெருங்கப்பலை நோக்கி ஒரு சிறு துடுப்புப் படகு வந்தது.

ஒருவர் துடுப்புப் போட, மற்றவர் கரையிலிருந்து கொண்டுவந்த கயிற்றைக் கப்பலிலிருந்து இறங்கிய கயிற்றோடு முடிச்சிட்டார். அதன் பிறகுதான் தண்டவாளத்தில் நின்ற மின் இழுவை வண்டிகளின் கம்பி வடங்கள் மேலேறின.

1914இல் திறக்கப்பட்ட இந்த மதகுகளில் நீரேற்றும் பம்பு கிடையாது. மேலேயுள்ள ஏரியின் நீர் தானாக இறங்கிவந்தே கப்பலை மூன்று படிகளில் ஏறத்தாழ 26 மீட்டர் உயர்த்துகிறது.

கார்த்தஹேனா துறைமுகத்தை விட்டபின் கடலை மட்டுமே காட்டிய என் அறைச் சன்னலில், கைக்கெட்டும் தூரத்தில், ஈரக் கான்கிரீட் சுவர் மெல்லக் கீழிறங்கியது. (காலை உணவை மறந்தேன், கப்பலில் அது சாதாரண விஷயமல்ல.)

மேல்தளத்துக்கு ஓடிவந்து தேடியபோது, அந்தப் படகு அடுத்த கப்பலுக்காகக் காத்திருந்தது.