இடைப்பட்ட காலத்துக்குக் கவிதை இல்லை

கல்முனையில் ஓர் அச்சகத்தில் எனக்குக் கணினி வேலை. கல்யாணக் கார்டு, வாழ்த்துமடல், செத்தவருக்கு 31ஆம் நாளில் கொடுக்கும் ‘கல்வெட்டு’ என்ற நினைவுப் புத்தகம் எல்லாம் என் கையால்தான் போகும். வாழ்த்துமடலுக்கு நாலு வரிக் கவிதை கேட்பார்கள். அதற்கென்றே ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறோம்: நிலவு, தேன், அன்றில், பூங்காற்று. பெயரை மாற்றினால் போதும். ஆவணியில் சேனைக்குடியிருப்புக்குப் போன அதே வரி தையில் பெரியநீலாவணைக்கும் போகும். யாரும் குறை சொன்னதில்லை. புதுக் காதலுக்கு எந்த வரியும் பொருந்திவிடுகிறது.

அப்புறம் 25 வருஷத்துக்கு ஆர்டர் கிடையாது. வெள்ளிவிழாவுக்குப் பிள்ளைகள் வருவார்கள். கடைசியில் கல்வெட்டுக்கு ‘மனைவி புலம்பல்’ எழுதிக் கேட்டு வருவார்கள். நடுவில் ஆசை எப்படித் தேய்ந்தது என்று அச்சடிக்க எவருக்கும் தேவையில்லை.

அதை அச்சடித்தாற்போல் சொன்னவர் மிளைக் கந்தன். குறுந்தொகையின் 196ஆம் பாட்டு, ஆறே அடி. தலைவனை வாசலில் நிறுத்தித் தோழி கேட்கிறாள்: அன்றைக்கு என் தோழி பச்சை வேப்பங்காய் தந்தாலும் வெல்லக்கட்டி என்றீர், இன்றைக்குப் பாரியின் பறம்புமலைச் சுனைநீரைத் தை மாதக் குளிர்ச்சியோடு தந்தாலும் சுடுகிறது, உவர்க்கிறது என்கிறீர். ‘ஐய அற்றால் அன்பின் பாலே.’ ஐயா, உம் அன்பின் தன்மை இப்படி ஆயிற்று என்கிறாள். பெரிய சண்டை ஒன்றும் இல்லை, ஒரு வாய்த் தண்ணீர்தான். அதுதான் எனக்குப் பிடித்தது. வயல்நிலத்தை மருதம் என்று பிரித்து அங்கே ஊடலை வைத்த புலவர்களுக்குக் கல்முனை தெரியாது. ஆனாலும் மெயின் ரோட்டுக்கு மேற்கே போனால் வயல்தான்.

போன வருஷம் ஒரு வெள்ளிவிழா மடல். கொழும்பிலிருந்து மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆர்டர், காசும் அவருடையது. புரூப் பார்க்கத் தாயும் தகப்பனும் வந்தார்கள். ‘இணைபிரியா அன்றில்களே’ என்ற வரியில் அம்மா விரலை வைத்தார்.

“தம்பி, இவரு கட்டார்ல பதினொரு வருசம். இதுல எங்க இணைபிரியா?”

“சும்மா கிடக்கட்டுமே,” என்றார் ஐயா.

“கிடந்தா பாக்கிற சனம் சிரிக்கும்.”

குரலில் கோபம் இல்லை. அந்தக் குறுந்தொகைப் பாட்டில் தலைவி வாயே திறப்பதில்லை. இங்கே தோழிக்கு வேலை இருக்கவில்லை. வரியைத் தூக்கினேன். பெயர்களும் தேதியும் மட்டும் நின்றன. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பின்னேரம் மகள் போன் எடுத்தார். “கவிதை எங்க அண்ணா? வெறுமையா இருக்கு.” அம்மா சொன்னதைச் சொன்னேன்.

“அவ அப்பிடித்தான் சொல்லுவா. நீங்க போடுங்க.”

சரி, காசு கட்டியவர் சொல். அன்றில்களைத் திரும்ப ஏற்றிப் பிளேட்டுக்கு அனுப்பினேன்.