நேரடி நெல் விதைப்பு: களைக்கொல்லியில் ஈரம் பார்க்காவிட்டால் மருந்து வீண்

நடவு வயலில் நாற்று களையைவிட மூத்தது, தண்ணீரும் களையை அமுக்கி வைக்கும். நேரடி விதைப்பில் நெல்லும் குதிரைவாலிக் களையும் ஒன்றாக முளைக்கின்றன. முதல் 40 நாளில் களை முந்திவிட்டால் அப்புறம் எந்த மருந்தும் விளைச்சலைத் திருப்பித் தராது.

ராமநாதபுரம், சிவகங்கை பக்கத்துப் புழுதி விதைப்புக்கு (காய்ந்த மண்ணில் விதைப்பது) பெண்டிமெத்தலின் 30 இசி என்ற களைக்கொல்லி (இசி, எஸ்சி என்பவை மருந்தின் வடிவம்; எண் அதன் வீரியச் சதவீதம்), ஏக்கருக்கு 1.3 லிட்டர், 200 லிட்டர் தண்ணீரில். விதைத்த பிறகு மண் நனைய ஒரு மழை கிடைத்ததும், களை தலைகாட்டும் முன் அடித்துவிட வேண்டும். காய்ந்த புழுதியில் அடித்தால் மருந்து மேலேயே கிடந்து வெயிலில் வீணாகும். விதை 2, 3 செ.மீ. மண்ணுக்குள் இருப்பதும் அவசியம்; மேலே கிடக்கும் விதையையும் இது பாதிக்கும். அடித்தபடியே பின்னால் நகருங்கள். மருந்து படிந்த மண்ணை மிதித்துக் கலைத்த இடத்தில் களை வந்துவிடும்.

சேற்று விதைப்புக்கு, பயிர்க்காப்பான் (நெல்லை மருந்திலிருந்து காக்கும் பொருள்) சேர்ந்த பிரெட்டிலாகுளோர் 30.7 இசி, ஏக்கருக்கு 600 மில்லி, விதைத்த 3 அல்லது 4ஆம் நாள். விதை முளைகட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் காப்பான் இளம் வேர் வழியாகத்தான் உள்ளே போகிறது. பெயர் ஒன்றுதானே என்று நடவு வயலுக்கான 50 இசி-யை வாங்கி அடித்தால் நெல் முளையே கருகும். கடையில் லேபிளைப் படித்து வாங்குங்கள்.

அளவில்தான் பலரும் தவறுகிறார்கள். ‘டேங்குக்கு 100 மில்லி’ என்பது அளவே இல்லை. வெறும் தண்ணீரை 10 சென்ட்டில் அடித்துப் பாருங்கள். அதைப் பத்தால் பெருக்கி, ஏக்கருக்கு 12 டேங்க் பிடித்தால் பெண்டிமெத்தலின் 1.3 லிட்டரை 12ஆகப் பிரியுங்கள்: டேங்குக்கு 108 மில்லி. விசிறி நாசில்தான் சரி.

தப்பி வரும் களைக்கு, அது 2 முதல் 4 இலையில் இருக்கும்போது, அதாவது விதைத்து சுமார் 15 முதல் 20 நாளில், பிஸ்பைரிபேக் சோடியம் 10 எஸ்சி ஏக்கருக்கு 80 முதல் 100 மில்லி. முதலில் தண்ணீரை வடித்து, களையின் இலை முழுதும் வெளியே தெரிய வேண்டும். மருந்து இலையில் பட்டால்தான் வேலை. அடித்து இரண்டு மூன்று நாளில் தண்ணீர் கட்டி ஒரு வாரம் நிறுத்துங்கள்; இதை விட்டால் அடுத்த முளைப்பு வந்துவிடும். பயிர் சில நாள் மஞ்சளாகத் தெரியும், தானே தேறும். பதறி யூரியாவைக் கொட்ட வேண்டாம்.

லெப்டோகுளோவா என்கிற மெல்லிய கதிர்ப் புல்லுக்கு பிஸ்பைரிபேக் சரிவரக் கேட்காது. அது மிகுந்த வயலுக்கு சைஹாலோபாப் சேர்ந்த மருந்து வேண்டும். பிஸ்பைரிபேக், பெனாக்சுலம், மெட்சல்பூரான் மூன்றும் களையை ஒரே விதத்தில் தாக்குபவை. ஆகவே பெயரை மட்டும் மாற்றி வருடாவருடம் அடித்தால் தாக்குப்பிடிக்கும் களைதான் பெருகும்.

களைநெல்லை (நெல் இனத்தைச் சேர்ந்த களை) மட்டும் பிரித்துக் கொல்லும் மருந்து நம் சாதாரண ரகங்களுக்குக் கிடையாது. விதைக்கும் முன்பே வயலை ஒருமுறை நனைத்து, களைநெல்லை முளைக்கவிட்டு உழுது அழியுங்கள். மீறி வருவதை மணி உதிரும் முன் கையால் பிடுங்குங்கள்.