ஆனி ஆடிச் சாளை

ஜூன் 2
நேற்றிலிருந்து குளச்சலில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. மேற்குக் கரை மீன்பிடித் தடை, ஜூலை 31 வரை. கிழக்குக் கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15-லேயே தடை வந்துவிட்டது, இந்த மாதம் 14-ல் முடியும். ஒரே கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு காலண்டர். சாளை, அதாவது மத்தி மீன், முட்டை போட இரண்டையும் பார்ப்பதில்லை; தென்மேற்குப் பருவமழையைத்தான் பார்க்கும். சின்னப் படகுகளான வள்ளங்களுக்குத் தடை இல்லாததால் எனக்கு மீன் கிடைக்கும். வாரம் 30 சாளையைக் கீறி நீளம், எடை, சினை (வயிற்று முட்டை) எழுதி வைக்கிறேன். இன்றைய மீன்களில் சினைப்பை உடல் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டவில்லை.

ஜூன் 9
கடல் அடி, பெரிய அலை. ஒரு வள்ளமும் இறங்கவில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஜூன் 23
இன்றைக்குத்தான் சினை. ஒரு மீனை மட்டும் எழுதி வைக்கிறேன்: 18.4 செ.மீ., 62 கிராம். வயிற்றைக் கீறியதும் இரண்டு பைகள் தாமாகவே பிதுங்கி வந்தன. மஞ்சள் நிறம், மேலே நூல்போல ரத்தக் குழாய்கள். விரலால் தடவினால் ரவை மாதிரி நெருடுகிறது. பைகள் இரண்டும் சேர்ந்து 3.1 கிராம், அதாவது 5 சதவீதம். ஆண் மீனை லேசாக அமுக்கினாலே பால்போல விந்து வடிகிறது.

ஏலத்தில் சினைச் சாளைக்குத்தான் போட்டி. தடை நிறுத்துவது விசைப்படகை. சாளையைக் கொண்டுவருவது வள்ளம். ஆனியில் வள்ளக்காரரும் எதைத்தான் பிடிப்பார்? அதற்காக இந்தக் கணக்கு என் மனசில் சரியாகிவிடவில்லை. 2012-ல் பக்கத்துக் கேரளத்தில் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் கிடைத்த மீன், 2021-ல் சுமார் 3,300 டன்னுக்கு வந்து நின்றது. கடலின் மாற்றங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்கிறார்கள். சரி, இருந்தாலும்.

ஜூலை 14
குழப்பம். 30-ல் 11 மீனுக்குச் சினைப்பை சின்னதாக, சுருங்கி இருந்தது. 'முதிராதவை' என்று எழுதிவிட்டேன்.

ஜூலை 21
மீன் விற்கும் அக்கா ஒருவர் என் தட்டை எட்டிப் பார்த்தார். ஒரு சாளையை எடுத்துப் பெருவிரலால் வயிற்றில் ஒரு அமுக்கு.

“இது இளசு இல்ல மக்களே. முட்டை போட்டுட்டு வந்த மீனு. தொளதொளன்னு கெடக்கு பாரு. இனி நெய் ஏறணும்னா ஐப்பசி ஆவணும்.”

வீட்டுக்கு வந்து, போன வாரம் ஃபார்மலினில் போட்டு வைத்த 11 பைகளையும் லென்ஸுக்கு அடியில் பார்த்தேன். பையின் சுவர் தளர்ந்து, ரத்தம் கட்டி, உள்ளே அங்கங்கே மிச்ச முட்டைகள் வதங்கிக் கிடந்தன. நீளத்தைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்; எல்லாம் 17 செ.மீ.க்கு மேல். அந்த அளவில் எங்கே முதிராத சாளை? 14-ஆம் தேதிப் பக்கத்தில் 11 அடித்தல்கள்.

ஜூலை 28
30-ல் 19 வயிறு ஒட்டியவை. இந்த முறை நானும் பெருவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கீறினேன், இரண்டு தப்பு. அந்தப் பக்கம் விசைப்படகுகளில் ஐஸ் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். தராசுக்கு பேட்டரி வாங்க வேண்டும்.